வாங்கும் அதிகாரம் யார் கையில்?

அரசு அலுவலகத்துக்குப் பொருள் வாங்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சியாகிவிடுகிறோம். சென்னையில் மொத்தமாக டெண்டர் விட்டால்தான் விலை குறையும் என்பது ஒரு கட்சி. கீழே இருப்பவருக்குத்தான் தேவை தெரியும், அவரிடமே விடுங்கள் என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

1994-ல் தொடங்கிய அந்தக் கழகத்தை 'மையக் கொள்முதலின் வெற்றி' என்றே புகழ்கிறோம். அது பாதிதான் உண்மை. டெண்டரும் விலையும் தரப் பரிசோதனையும் சென்னையில் நடக்கின்றன, சரி. மருந்து மாதிரிகளைக் கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு தாலுகா ஆஸ்பத்திரி தனியாக இதைச் செய்ய முடியுமா? ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பது ஆஸ்பத்திரியின் முடிவு. ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக். அதில் ஆண்டு ஒதுக்கீடு வரவாக இருக்கும். மாவட்டக் கிடங்கில் சரக்கு எடுக்க எடுக்கக் கழியும். அவசரத்துக்கு லோக்கல் பர்சேஸ் என்று சிறு பங்கு தனி. பேரம் மேலே, தேர்வு கீழே. பேனா, மேஜை, கம்ப்யூட்டர் வாங்கும் துறைகள் ஏன் இதைச் செய்யக்கூடாது?

சில்லறைச் செலவு வேறு விஷயம். குழாய் ஒழுகுவதற்கு ரேட் கான்ட்ராக்ட் (முன்கூட்டியே விலை பேசி முடித்த ஒப்பந்தம்) தேவையில்லை, கையில் பணம் வேண்டும். 2005-ல் வந்த தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு 25,000 ரூபாயை, இன்னதற்குத்தான் என்று கட்டிப்போடாமல் கொடுத்தது. ஆனால் பல மாநிலங்களில் முதல் சில ஆண்டுகள் அந்தப் பணம் செலவாகாமலே கிடந்தது.

காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நம்பவில்லை. ஆடிட் பயம். மூன்று கொட்டேஷன் எங்கே என்பார்கள். (மூன்றையும் ஒரே கடைக்காரர்தான் எழுதித் தருவார் என்பது கேட்பவருக்கும் தெரியும், அது வேறு கதை.) ஆட்சேபணை நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறும்போது பணிக்கொடை சிக்கும். ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

இதைச் சரிசெய்யாமல், கீழே இருப்பவர் தாமாகச் செலவழிக்கும் வரம்பை மட்டும் உயர்த்தி ஜி.ஓ. (அரசாணை) போட்டால், செலவாகாமல் கிடக்கும் தொகைதான் உயரும். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட செலவென்றால், பொருள் வந்ததா, வேலை செய்கிறதா, சந்தை விலைதானா என்று மட்டும் ஆடிட் பார்க்கட்டும். பில்லை அலுவலக வாசலிலேயே ஒட்டச் சொல்லுங்கள். குழாய் என்ன விலை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கூடுதலாகப் போட்டிருந்தால் அவர்களே கேட்டுவிடுவார்கள்.