நான்காம் வகுப்புக்குச் சிங்கப்பூர் வேண்டாம்

மகள் படிக்கும் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு இரவு, ஐந்து பகல் சிங்கப்பூர்ச் சுற்றுலா. பெற்றோர் உடன் வரக்கூடாது. அப்போதுதான் பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கப் பழகுவார்களாம். நல்ல பள்ளிதான். மகளுக்கு வாய்த்த ஆசிரியர்கள் தங்கமானவர்கள். அதனால் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. குன்னூர் மார்க்கெட்டிலும் பஸ் நிலையத்திலும் பார்த்து, "ஏன் அனுப்பவில்லை, பணமா?" என்று கேட்டவர்களுக்கு நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் குன்னூரில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். மாடியில் இரண்டு நீளமான அறைகளில் வரிசையாகக் கட்டில்கள். மார்கழி, தை மாதங்களில் அங்கே தங்குகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஈரோடு, கரூர், திருச்சி என்று வருவார்கள், கேரளத்திலிருந்தும் வருவார்கள். சுற்றுலாவில் பிள்ளை பகலில் எப்படி இருந்தது என்று காட்ட எல்லோரிடமும் படங்கள் இருக்கும். இரவில் எப்படி இருந்தது என்பது விடுதிக்காரர்களுக்கும் கூட வந்த ஆசிரியர்களுக்கும்தான் தெரியும்.

சிம்ஸ் பூங்காவில் கத்திக்கொண்டு ஓடிய அதே பிள்ளை இரவு பத்து மணிக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சத்தம் வராமல் அழும். ஒரு கட்டிலில் விசும்பல் கேட்டால் பக்கத்துக் கட்டிலும் தொடங்கிவிடும். மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளை இரவுச் சாப்பாட்டைத் தொடாது. நடுராத்திரியில் பசித்து எழுந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும். சில பிள்ளைகள் தூக்கத்தில் எழுந்து நடப்பார்கள். அதற்காகவே பள்ளிக் குழுக்கள் தங்கும் இரவுகளில் என் கணவர் மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

படுக்கையை நனைப்பது பற்றியும் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். ஏழு வயதில் 100 பிள்ளைகளுக்கு 5 முதல் 10 பேர் வரை இன்னும் தூக்கத்தில் படுக்கையை நனைப்பவர்கள்தான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. வகுப்பே ஓர் அறையில் படுத்திருக்கும்போது வகுப்புக்கே தெரிந்துபோகும். எங்களிடம் வேலை செய்யும் அக்கா ஐந்து மணிக்கு முன்பே டார்ச்சோடு ஒரு சுற்று வருவார். நனைந்திருக்கிற பிள்ளையை மட்டும் மெல்ல எழுப்பி, வெந்நீரில் துடைத்து, உடை மாற்றி, விரிப்பையும் மாற்றிவிட்டு, ஆசிரியையின் காதில் மட்டும் சொல்வார். மற்றவர்கள் எழும்போது எதுவும் நடந்திருக்காது. சிங்கப்பூரில் ஓர் அறைக்கு இரண்டு பிள்ளைகள் வீதம் தங்கவைக்கப் போகிறார்கள். இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. ஆசிரியை நடைபாதையின் மறுகோடியில் ஏதோ ஓர் அறையில் இருப்பார். அங்கே இதையெல்லாம் யார் செய்வார்கள்?

"ஊட்டியே உறைவிடப் பள்ளிகளின் ஊர்தானே, இங்கே சின்னப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து இருப்பதில்லையா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியது. இதே மாவட்டத்தில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே விடுதியில் தூங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் ஏக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் உறைவிடப் பள்ளியில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். முதல் சில இரவுகள் கொடியவை. அதன்பிறகு கட்டில் பழகும், வார்டனின் குரல் பழகும், பக்கத்துப் பிள்ளை தோழி ஆகிவிடும். நான்கு இரவுச் சுற்றுலாவில் இருப்பதே அந்த முதல் சில இரவுகள் மட்டும்தான். பிள்ளை பழகத் தொடங்கும் நேரத்தில் திரும்பி வர விமானம் ஏறியிருக்கும். சொந்தக் காலில் நிற்க இதில் எங்கே கற்றுக்கொள்ளும்?

நேர வித்தியாசம் வேறு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை ஆறரைக்கு எழுப்பினால் பிள்ளையின் உடம்புக்கு அது விடியற்காலை நான்கு மணி. பயணத் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்குப் பஸ் புறப்படும் என்று போட்டிருக்கிறது. பெரியவர்களாலேயே சமாளிக்க முடியாது.

இதையெல்லாம் கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். என்னைக் கையெழுத்துப் போடவிடாமல் தடுத்தது பாஸ்போர்ட். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்துத் தர பயண நிறுவனமே உதவுகிறதாம். அப்பா அம்மாவுக்கு? மகளின் வகுப்பில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள், கடைக்காரர்கள், ஜீப் ஓட்டுபவர்கள், மருத்துவமனை ஊழியர்கள் எல்லோருடைய பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தப் பெற்றோரில் பலருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. எங்கள் இருவருக்கும் இல்லை. அங்கே பிள்ளைக்குக் குடல்வால் அழற்சி வந்துவிட்டது, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பெற்றோரின் சம்மதம் கேட்பார். தொலைபேசியில் சொல்லலாம். ஆனால் மயக்கம் தெளிந்து கண் திறக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் பக்கத்தில் யார் இருப்பார்கள்? தத்கால் முறையில் எவ்வளவு ஓடினாலும் எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்து, அதன்மேல் விசா வந்து, கோவைக்கு இறங்கி விமானம் பிடிப்பதற்குள் சுற்றுலாவே முடிந்திருக்கும். மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடிக் கிடக்கும் நாள் என்றால் கோவைக்கு இறங்குவதே பாடு.

போன தையில் எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு சிறுவனுக்கு இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறியது. ஆசிரியை கரூருக்குப் பேசினார். விடியும் முன் அவன் அப்பா வாசலில் நின்றார். அவரைப் பார்த்த பிறகுதான் அவன் மாத்திரையை விழுங்கினான். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஓர் இரவு வெளியே தங்க வேண்டுமென்றால் அப்பாவோ அம்மாவோ ஓர் இரவுக்குள் வந்து சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்று அதனால்தான் சொல்கிறேன். அதற்கு மேல் தூரம் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. எந்த விடுதியிலும் ஒவ்வோர் அறைக்கும் மாற்றுச் சாவி உண்டு. எங்களிடமும் உண்டு, பள்ளிப் பிள்ளைகள் தங்கும் நாட்களில் அது என் இடுப்பில் இருக்கும். சுற்றுலா நிறுவனத்தின் ஆட்கள், வழிகாட்டிகள், ஓட்டுநர்கள் எந்த மாடியில் தங்குவார்கள்? பிள்ளைகளின் அறைச் சாவி யார் யாரிடம் இருக்கும்? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. அது வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நான்கு பக்கச் சுற்றறிக்கையில் எந்தப் பொம்மைக் கடைக்குப் போவார்கள் என்பது வரை எழுதியிருக்கிறார்கள், சாவி யாரிடம் என்பது இல்லை. கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் யாரையும் அவமதித்ததாக ஆகாது.

15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வீதம் வருவார்களாம். தொடக்கப் பள்ளி வகுப்பறைக்கு 30 பேருக்கு ஒருவர் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைப் பார்க்கும்போது இது தாராளமாகத் தோன்றும். ஆனால் அது பகலுக்கான கணக்கு. நாள் முழுக்கத் தலை எண்ணிக் களைத்தவர்கள் இரவில் தூங்கித்தானே ஆக வேண்டும்? எங்கள் விடுதிக்கு வரும் ஆசிரியைகளில் பலர் தங்கள் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். மறுக்க முடியாமல் வருகிறார்கள். கண் சிவந்து, கைப்பேசியில் பெற்றோருக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் தேநீர் கேட்பார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பசுந்தேயிலை கிலோ இருபது ரூபாயைத் தாண்டவே திணறிய ஆண்டுகளை இந்த மலை பார்த்திருக்கிறது. அப்போதும் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த சிறு விவசாயிகள், "என் பிள்ளை மட்டும் விட்டுப்போகக் கூடாது" என்று இதற்கும் கடன் வாங்குவார்கள். வாங்க முடியாதவர்களின் பிள்ளைகள் அந்த வாரம் பாதி காலியான வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது வயதில் அதற்கு என்ன விளக்கம் கொடுப்பது? ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒன்பது வயதில் எடுக்கும் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும். உண்மையிலேயே பயன்படும் வயதில், ஒன்பதாம் வகுப்பில், அது காலாவதியாகி இருக்கும்.

வெளிநாட்டுப் பயணத்துக்கே நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் தமிழக அரசு, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் அழைத்துப் போனபோது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. அவர்கள் தொடக்கப் பள்ளியைத் தாண்டிய பிள்ளைகள். அந்த வயதில் வயிறு வலித்தால் எங்கே, எப்படி என்று சொல்லத் தெரியும். ஒருவர் தவறாக நடந்தால் தவறு என்று புரியும். ஒன்பதாம் வகுப்பு வரும்போது என் மகளும் போகட்டும். அதற்கு இப்போதே மாதாமாதம் கொஞ்சம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

அதற்கு முன் வெளிநாடு பார்க்க வேண்டுமென்றால் எங்களோடு பார்க்கட்டும். என் மாமியார் இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்குக் கொழுந்து பறிக்க வந்த குடும்பம். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். இந்த மலையில் ஒரு பிள்ளைக்கு முதல் வெளிநாடு இலங்கையாக இருந்து, தான் பிறந்த லயத்தை, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, பாட்டியே கைகாட்டிச் சொன்னால் அந்தப் பயணம் அதற்கு மறக்குமா?

பள்ளியோடு ஓர் இரவு தங்க வேண்டும் என்பதில் எனக்கும் முழு விருப்பம்தான். பனி பெய்த காலையில் தன் மூச்சு புகையாவதைப் பார்த்துக் குதிக்கும் கரூர்ப் பிள்ளைகளையும், சன்னலுக்கு வெளியே காட்டுமாடு நிற்பதைப் பார்த்து மூச்சுவிடாமல் நிற்கும் பிள்ளைகளையும் பார்க்கிறவள் நான். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். முதுமலை இங்கேதான் இருக்கிறது. பகலிலேயே கிளம்பி, பைக்காராவில் நின்று, கூடலூர் வழியாகத் தெப்பக்காடு போகலாம். மாலையில் யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்க்கலாம். இரவு வனத்துறைத் தங்குமிடத்தில் தங்கி, மறுநாள் மாலைக்குள் வீடு திரும்பலாம். இல்லையென்றால் ரயில். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்து, 1908-இல் ஊட்டியைத் தொட்டு, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மலை ரயிலின் ஊதல் சத்தத்தில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். மேட்டுப்பாளையம் வரை அதில் இறங்கிப் போன பிள்ளைகள் வகுப்பில் எத்தனை பேர் என்று மகளிடம் கேட்டேன். மிகச் சிலர்தான். கல்லாறு வரைக்கும் பல்சக்கரம் தண்டவாளத்தின் பற்களைக் கவ்விக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, சமவெளியில் ஒரு பள்ளியில் ஓர் இரவு தங்கி, அந்தப் பள்ளிப் பிள்ளைகளை அடுத்த மாதம் இங்கே அழைத்துத் தங்கவைக்கலாம். எங்கள் மாடி அறைகளை இரு பள்ளிகளுக்கும் இலவசமாகத் தருகிறேன்.

பக்கத்து ஊர் என்பதாலேயே ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 5 அன்று இரவு, எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து ஊட்டிக்கு வந்துகொண்டிருந்த பள்ளிச் சுற்றுலாப் பேருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். நம் மலையைப் பார்க்கக் கிளம்பியவர்கள். அன்றிலிருந்து இரவுப் பயணம் செய்து வரும் பள்ளிகளின் முன்பதிவை நாங்கள் ஏற்பதில்லை. சீசன் வருமானத்தில் அது பெரிய இழப்புதான், ஆனாலும் ஏற்பதில்லை.

மகள் என்மீது கோபமாக இருக்கிறாள். தோழிகள் போகிறார்கள், அவள் போகவில்லை. அழுதாள், இரண்டு நாள் பேசவில்லை. அவள் கோபப்படுவதில் எந்தத் தவறும் இல்லை, அவளிடமே அதைச் சொன்னேன். முடிவை மாற்றவில்லை.

வரும் சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். தெப்பக்காட்டுத் திட்டத்தைச் செலவுக் கணக்கோடு எழுதி எடுத்துப் போகிறேன். கையெழுத்துப் போட முடிவு செய்துவிட்ட பெற்றோரும் அவசியம் வாருங்கள். இரவில் விழித்திருப்பவர் யார், மாற்றுச் சாவி யாரிடம், பெற்றோர் வர முடியாத நிலையில் மருத்துவமனையில் பிள்ளையோடு தங்குபவர் யார் என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லிக் கேட்போம்.