பாதி மீசையும் இருபத்திரண்டு பேரும்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் யோகனின் சலூன் இருக்கிறது. இரண்டு கதிரை, ஒரு வாங்கு, ஓரம் கறுத்த ஒரு கண்ணாடி. கடைக்குக் கதவு கிடையாது. அதனால் வாடிக்கையாளரும் வருவார்கள், புள்ளிமான்களும் வரும். எங்கள் ஊர் மான்கள் காட்டை எப்போதோ மறந்துவிட்டன. பஸ் நிலையத்தில் படுத்து எழும்பி, சாப்பாட்டுக் கடை வாசலில் வரிசைக்கு நிற்கும்.

அன்று சனிக்கிழமை. மீன் வியாபாரம் முடித்த சலீம் நானா கதிரையில் ஏறியிருந்தார். கிண்ணியாக்காரர், அந்தக் காலத்து உதைபந்தாட்டக் கோல் காப்பாளர். அடுத்த முறை என்னுடையது என்று நான் வாங்கில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யோகன்: முகம் மட்டுமா நானா, தலையுமா?

சலீம்: முகம் மட்டும். மீசையில் கை வைக்காதே. போன மாதம் ஒரு பக்கத்தைக் குறைத்துவிட்டாய், மனிசி இன்னும் சிரிக்கிறாள்.

யோகன்: அதற்கு நான் பொறுப்பில்லை. அந்த நேரம் பார்த்து, போனில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் கோல் விழுந்தது.

சலீம்: கண்ணாடிக்குக் கீழே என்ன சீ.ஆர். கொப்பி? கடன் கணக்கா?

யோகன்: கடன் மற்றக் கொப்பியில். இது தேசிய அணி.

சலீம்: எந்தத் தேசம்?

யோகன்: எங்கள் தேசம்தான். உள்ளூர் லீக் ஆட்டங்களைப் போனில் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்கிறேன். 23 பேர். உதைபந்தாட்டத்தில் ஒரு ஆட்டத்துக்கு அவ்வளவு பேர்தான் எழுதலாம்.

சலீம்: உன்னிடம் யார் கேட்டார்கள்?

யோகன்: இதுவரை யாரும் கேட்கவில்லை. திடீரென்று கேட்டால் கையில் இருக்க வேண்டாமா?

(சவர்க்கார நுரை முகத்தில் ஏறுகிறது. நானாவின் வாய் மட்டும் வெளியே.)

சலீம்: சரி, முதல் ஆளைச் சொல்.

யோகன்: முன்வரிசையில் ஒரு பையன். ஒன்பதாம் இலக்கம். ஒரே ஆட்டத்தில் நாலு கோல் அடித்தான் நானா! நாலு!

சலீம்: யாருக்கு எதிராக?

யோகன்: அது… கடைசி இடத்தில் இருக்கிற கழகத்துக்கு எதிராக.

சலீம்: தம்பி, ஒரு பெட்டி சின்னச் சூடை மீனுக்குள் ஒரு கும்பிளா கிடந்தால் அது திமிங்கிலம் மாதிரித்தான் தெரியும். அதே கும்பிளாவை ஒரு பெரிய அறக்குளாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். முதல் மூன்று இடத்திலிருக்கிற கழகங்களோடு ஆடின நாளில் என்ன செய்தான்?

யோகன்: அந்த ஆட்டங்களில் அவ்வளவாகப் பந்து வரவில்லை.

சலீம்: வரவில்லையா, வரக்கூடிய இடத்தில் இவன் நிற்கவில்லையா?

யோகன்: அது எப்படித் தெரியும்?

சலீம்: என்னிடம் மீன் வாங்க வருகிறவன் பளபளப்பைப் பார்ப்பான். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். ஆட்டக்காரனுக்கு எது செவுள் தெரியுமா? பந்து காலில் இல்லாத நேரம். 90 நிமிடத்தில் ஒருவன் காலில் பந்து இருக்கிறது மொத்தமாய் இரண்டு மூன்று நிமிடம். மிச்சம் 87 நிமிடம் என்ன செய்கிறான்? பந்தைப் பறிகொடுத்தால் உடனே திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து மத்தியஸ்தரைப் பார்க்கிறானா? அதைப் பார்த்தாயா?

யோகன்: போனில் அது தெரியாது நானா. கமரா பந்துக்குப் பின்னால்தானே ஓடும்.

சலீம்: அப்படியென்றால் நீ ஆளைத் தெரிவு செய்யவில்லை, பந்தைத்தான் தெரிவு செய்திருக்கிறாய்.

(கத்தி தீட்டுகிற சத்தம். யோகன் அதை வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தீட்டினார் என்று எனக்குப் பட்டது. பிறகு கத்தி தொண்டைக்கு வருகிறது.)

யோகன்: அந்தப் பையன் தேசிய அணிக்குத் தகுதியானவன்தானே நானா?

சலீம்: ம்.

யோகன்: நாலு கோல் நாலு கோல்தானே?

சலீம்: ம்.

(கத்தி கன்னத்துக்குப் போகிறது.)

சலீம்: அந்த இரண்டு ‘ம்’மும் செல்லாது. கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் உன்னையும் லெப்ட் விங்கில் போடச் சொல்லுவேன். அடுத்த ஆள்?

யோகன்: அடுத்த எட்டுப் பேரும் படைக்காரர். கடற்படை, தரைப்படை, விமானப்படை.

சலீம்: அணி தெரிவு செய்யச் சொன்னால் சண்டைக்கு ஆள் எடுத்திருக்கிறாய்.

யோகன்: நல்லாய் ஆடுகிறார்களே, நான் என்ன செய்ய? 70ஆவது நிமிடத்திலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறார்கள். கழகத்துப் பையன்கள் அந்த நேரம் நாக்குத் தள்ளி நிற்கிறார்கள்.

சலீம்: ஏன் நிற்கிறான் என்று கேட்டாயா? படையில் இருக்கிறவனுக்கு மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, மைதானம், கால் சுளுக்கினால் மருத்துவர். கழகத்துப் பையன் விடிய மூட்டை தூக்கிவிட்டு, பின்னேரம் பயிற்சிக்கு வருகிறான். ஒழுங்கான ஆட்டக்காரன் ஒரு ஆட்டத்தில் 10, 12 கிலோமீற்றர் ஓட வேண்டும். இவன் அதில் பாதியை மூட்டையோடு காலையிலேயே ஓடி முடித்துவிட்டான். நீ அவனுக்குப் பக்கத்தில் ‘தம் இல்லை’ என்று எழுதுகிறாய்.

யோகன்: (கொப்பியைப் பார்த்து) ‘தம் போதாது’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

சலீம்: மூன்று மாதம் அவனுக்கும் அதே சாப்பாட்டைப் போட்டு, பிறகு பக்கத்தில் நிற்க வைத்துப் பார். இப்போது நீ அளக்கிறது சோற்றை. அது போகட்டும், இந்த 23 பேரில் திருகோணமலைக்காரன் எத்தனை பேர்?

(யோகன் நுரை வழிப்பதில் மும்முரமாகிறார்.)

சலீம்: உன்னிடம்தான் கேட்கிறேன்.

யோகன்: ஒருவரும் இல்லை.

சலீம்: ஊர்ச் சலூனில், ஊர்க் கண்ணாடிக்குக் கீழே…

யோகன்: லீக்கில் இருந்தால்தானே நானா பார்க்கலாம்? 2021இல் சுப்பர் லீக் என்று தொடங்கினார்கள். 10 கழகம். வடக்கு கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. இல்லாத ஆளை நான் எப்படி எழுத?

சலீம்: 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் வந்ததே. ட்ரிங்கோ டைட்டன்ஸ் என்று எங்களுக்கும் ஒரு அணி. கத்தின கத்தில் ஒரு கிழமை தொண்டை போய், கையைக் காட்டித்தான் மீன் விற்றேன்.

யோகன்: அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? கொழும்பில் ஆடினால்தான் கண்ணில் படும்.

சலீம்: கண்ணில் படுகிற கதையை என்னிடம் கேள். 21 வயதில் நானும் தெரிவுக்குப் போனேன். இரவுத் தபால் ரயில், விடிய விடிய நின்ற பயணம். மாமா ஒருவர் கொழும்பில் இருந்தார், வெறுங்கையோடு போகக்கூடாது என்று உம்மா ஒரு பெட்டி பாரை மீனைத் தலையில் கட்டிவிட்டா. மஹவ தாண்டும்போது ஐஸ் எல்லாம் தண்ணீராகி என் சப்பாத்துப் பைக்குள் இறங்கிவிட்டது.

யோகன்: மைதானத்துக்கு அப்படியேவா போனீர்கள்?

சலீம்: வேறு உடுப்பு இல்லையே. கோல் கம்பத்துக்குள் நின்றேன். காற்று என் முதுகிலிருந்து அடித்தது. தெரிவாளர் எங்கே இருந்தார்? நேரே எனக்கு முன்னால்.

யோகன்: ஐயோ.

சலீம்: அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு மற்றக் கோல் பக்கம் போய்விட்டார்.

யோகன்: ஆட்டம் எப்படி?

சலீம்: அன்று எனக்கு ஒரு கோலும் விழவில்லை தம்பி. முன்வரிசைக்காரர் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

(நானா சிரிக்க, கத்தியை யோகன் நல்ல வேளையாக எடுத்துவிட்டார். நானும் சிரித்தேன். “நீயும் மீன் வாங்குகிறவன்தானே, என்ன சிரிப்பு” என்று கண்ணாடி வழியாக ஒரு பார்வை வந்தது.)

யோகன்: ஆனால் மணலில் ஆடிப் பழகின எங்கள் பையன்களுக்கும் ஒரு குறை இருக்கிறது நானா. டச்சுக் குடா மணலில் பந்து உருளாது. பையன் பந்தைத் தூக்கித் தூக்கியே விளையாடுவான். கொழும்பில் புல்லில் இறக்கினால் பந்து எண்ணெய் பூசின மாதிரிப் போகும். முதல் தொடுகையிலேயே இரண்டு முழம் தள்ளிப் போய்விடும்.

சலீம்: இப்போதுதான் ஒரு நல்ல கதை கதைத்தாய். ஆனால் அது பையனுடைய குறையா, தரையுடைய குறையா? ஒரு மாதம் புல்லில் விட்டால் சரியாகிவிடும். மணலில் ஓடின காலுக்கு இருக்கிற பலம் புல்லுக்காரனுக்கு எங்கே வரும்? இதை எங்கேயாவது எழுதினாயா?

யோகன்: கொப்பியில் அதற்குப் பெட்டி போடவில்லை. பெயர், கழகம், கோல், குணம். நாலு பெட்டிதான்.

சலீம்: வெளிநாட்டிலிருந்து வருகிற பையன்களுக்குப் பெட்டி இருக்கிறதா?

யோகன்: இது உள்ளூர்க் கொப்பி. ஆனால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பெர்லினில் பிறந்த வசீம் ராசிக் வந்தார், ஜேர்மனியிலிருந்து கிளாடியோ கம்மர்நெக்ட் வந்தார், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் வந்தார். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்கள் நாட்டிலேயே பெனால்டியில் வென்றோமே. அதற்கு முந்தைய வருடம் உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்தோம். 211 நாடுதான் இருக்கிறது நானா, இன்னும் கொஞ்சம் இறங்கினால் தாளின் மறுபக்கம் போயிருப்போம்.

சலீம்: நானும் குறை சொல்லவில்லை. ஆனால் விதியைப் பார். தாயோ தகப்பனோ, பாட்டனோ பாட்டியோ இங்கே பிறந்திருந்தால் போதும், குடியுரிமை எடுத்து ஆடலாம். பாட்டி கிண்ணியா, பேரன் பெர்லின் என்றால் விமான டிக்கெட் வருகிறது. பாட்டியும் கிண்ணியா, பேரனும் கிண்ணியா என்றால் ஓட்டோ ஓட்டுகிறான்.

யோகன்: அங்கே பயிற்சி அப்படி நானா. ஆறு வயதில் தொடங்குகிறார்கள்.

சலீம்: அதைத்தான் நானும் சொல்கிறேன். வித்தியாசம் பயிற்சியில், பாட்டியில் இல்லை. 1995இல் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தோமே, அப்போது யாருடைய பாட்டியையும் யாரும் தேடவில்லை.

யோகன்: எனக்கு மிகவும் பிடித்த அணி 2023இல் எழுதினது. ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஃபீஃபா எங்களைத் தடை செய்து வைத்திருந்ததே, அந்த நேரம்.

சலீம்: ஆடவே முடியாத நாட்டுக்கு அணி தெரிவு செய்தாயா?

யோகன்: ஒரு ஆட்டமும் தோற்கவில்லை நானா.

சலீம்: (கொஞ்சம் யோசித்து) அது நல்ல சாதனைதான்.

(கத்தி மூக்குக்குக் கீழே வருகிறது. நானா மீசையை விரலால் மூடிக்கொள்கிறார்.)

யோகன்: கையை எடுங்கள், ஓரம் மட்டும்தான். இன்னொரு விசயம். 22 பேர்தான் எழுதியிருக்கிறேன். மூன்றாவது கோல் காப்பாளர் இடம் காலி. முதலாவது சுஜான் பெரேரா மாதிரி மாலைதீவில் போய் ஆடின அனுபவசாலி வேண்டும், இரண்டாவது படைக்காரர். மூன்றாவதுக்கு ஊரிலிருந்து ஒருவரைப் போட்டால் உங்கள் மனமும் ஆறும். உங்கள் பேரனைப் போடட்டுமா? நல்ல உயரம்.

(இந்த இடத்தில் நானா உருகிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.)

சலீம்: வேண்டாம்.

யோகன்: ஏன் நானா?

சலீம்: அவன் செவுளை நான் பார்த்திருக்கிறேன். பந்து வரும்போது கண்ணை மூடுகிறான்.

யோகன்: மூன்றாவது கோல் காப்பாளர் எப்படியும் வாங்கில்தானே இருக்கப் போகிறார்?

சலீம்: வாங்கில் இருந்தால் நித்திரை கொள்ளுவான். அதற்கும் கண்ணை மூடத்தான் வேண்டும். எழுதாதே.

(வாசலில் நின்ற மான் உள்ளே வந்ததை மூவரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே கழுத்தை நீட்டி, கொப்பியின் ஒரு பக்கத்தை அது இழுத்தது. தாள் கிழிகிற சத்தம் கேட்டதும் யோகன் திரும்பினார். கத்தியும் கூடவே திரும்பியது.)

யோகன்: ஏய்! சூ! ஐயோ, முன்வரிசை முழுக்கப் போகிறதே!

சலீம்: தம்பி, என் மீசை.

யோகன்: நடுக்களமும் போயிற்று நானா! நாலு கோல் பையனை மெல்லுகிறது!

சலீம்: தம்பி, மீசை எங்கே?

யோகன்: வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம்… துவாயில் இருக்கிறது.

(யோகன் துவாயை வீச, மான் வாங்கைத் தாண்டி, என்னையும் தாண்டி, வாசலுக்கு வெளியே பாய்ந்தது. எதிரே வந்த ஓட்டோவுக்கு இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் வெட்டியது. வாய்க்காலைத் தொடாமல் கடந்து, வாயில் தேசிய அணியோடு கடற்கரைப் பக்கம் மறைந்தது. பாதி மீசையோடு நானா கதிரையில் எழும்பி நின்று, அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

சலீம்: எத்தனை பேர் மிச்சம்?

யோகன்: நாலு பேர். நாலு பேரும் படைக்காரர்.

சலீம்: பேனையை எடு. அதை எழுது.

யோகன்: எதை?

சலீம்: அந்த மானை. காலில் பந்து இல்லாத நேரம் எப்படி ஓடினது பார்த்தாயா?

யோகன்: எந்தக் கழகம் என்று போட?

சலீம்: கழகம் இல்லை. பிறந்ததும் இங்கே, பாட்டி பிறந்ததும் இங்கே. அதுதான் இன்னும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.