கட்டிலுக்கு முன்னால் கைகள் வேண்டும்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில்களும் சுவாசக் கருவிகளும் கூடினால் உயிரிழப்புக் குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அதில் தாதியரைப் பற்றி ஒரேயொரு வரிதான். யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்காகப் பதினொரு நாள் அந்தக் கண்ணாடிக் கதவருகே காத்திருந்தவள் நான். அந்த ஒரு வரி போதாது.

சுவாசக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, மருந்து ஏறும் வேகத்தைச் சரிபார்ப்பது, சிறுநீரை அளந்து குறிப்பது எல்லாம் தாதியரின் கையில். ஓரிரவு ஒரே தாதி மூன்று பேரைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் இதயம் நின்றபோது, அம்மாவின் கருவி எழுப்பிய ஒலிக்கு ஓடிவர எவருமில்லை. அந்தத் தங்கச்சியை நான் குறை சொல்லமாட்டேன். விடியும்வரை அவர் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஐரோப்பாவின் 9 நாடுகளில் சத்திரசிகிச்சை நோயாளரிடையே நடந்து, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள்: ஒரு தாதிக்கு ஒரு நோயாளர் கூடினாலே, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் உயர்ந்தது. கலிபோர்னியாவில் அதிதீவிர சிகிச்சையில் ஒரு தாதிக்கு இருவருக்கு மேல் கொடுக்கச் சட்டம் விடாது. இங்கே இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ தாதியர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். புதிய கட்டில்களைத் திறந்துவைக்கும் நாளில், இரவுக் கடமைக்கு எத்தனை பேர் என்பதையும் அறிவியுங்கள்.