மில்காரர் செய்த சமாதானம்

2025 டிசம்பரில் டிவியில் ஓடிய அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். தாய்லாந்து-கம்போடியா போரை ஒரே போனில் நிறுத்தியவர் ட்ரம்ப் என்று ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். கீழே ஓடிய செய்தியில் அதே எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நெறியாளர் தலையாட்டினார். நல்லவேளை, கைதட்டவில்லை.

சண்டையை நிறுத்துவது வேறு, எல்லையைத் தீர்ப்பது வேறு ஐயா.

2025 ஜூலையில் ஐந்து நாள் அடித்துக்கொண்டார்கள். நிறுத்தாவிட்டால் வர்த்தக ஒப்பந்தம் கிடையாது என்று ட்ரம்பிடமிருந்து மிரட்டல் வந்தது. இரண்டு நாட்டின் தலைக்கு மேலும் 36 சதவீத அமெரிக்க வரி தொங்கிக்கொண்டிருந்த நேரம். 28ஆம் தேதி புத்ராஜெயாவில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் கைகுலுக்கினார்கள். வரி 19 ஆனது. கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட் ட்ரம்புக்கு நோபல் பரிசுக்கே பரிந்துரை எழுதினார். அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் மேடை, கையெழுத்து, போட்டோ. நவம்பரில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயம்பட, ஒப்பந்தம் கிடப்பில் போனது. டிசம்பர் 8, தாய்லாந்து விமானங்கள் கிளம்பிவிட்டன.

இந்தத் தகராறே வெளியாள் போட்ட கோட்டில் வந்ததுதான். மலையில் மழைநீர் இரண்டாகப் பிரியும் முகடே எல்லை என்றது 1904 ஒப்பந்தம். 1907ல், அப்போது கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படத்தில் பிரே விகார் சிவன் கோயில் கம்போடியப் பக்கம் போய்விட்டது. 1962ல் சர்வதேச நீதிமன்றமும் கோயில் கம்போடியாவுக்கே என்றது. தாய்லாந்து இப்போது அந்த நீதிமன்றமே வேண்டாம் என்கிறது. போன் போட்டவர் இதில் எந்த எல்லைக்கல்லைத் தொட்டார்?

"அப்போ இன்னும் நூறு பேர் செத்திருக்கணுமா?" என்பீர்கள். சரி, நியாயம்தான். ஜூலையில் துப்பாக்கி ஓய்ந்ததால் முகாமிலிருந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. மறுத்ததாகத் தெரிந்தால் கண்ணாடியை மாற்றுங்கள். "அன்வாரும் வெளியாள்தானே?" அவர் பக்கத்து வீட்டுக்காரர், விடுங்கள். என்னைச் "சீனா ஜால்ரா" என்பவர்களுக்குப் பதில் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒன்றரை அடி வரப்பில் தகராறு. மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். இரண்டு பேரிடமும் நெல் வாங்கும் மில்காரர் வந்தார். "இப்படியே அடிச்சுக்கிட்டா ரெண்டு பேரு நெல்லும் எனக்கு வேணாம்" என்றார். அவ்வளவுதான், மண்வெட்டி இறங்கியது. டீ வந்தது. அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்தவர் என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் பேச்சு. சர்வேயரைக் கூப்பிட்டுப் புதைந்துபோன கல்லைத் தோண்டிப் பார்க்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நெல்தான் ஒழுங்காக மில்லுக்குப் போகிறதே!

அடுத்த குறுவைக்கு மறுபடி வரப்பை வெட்டினார்கள். அப்பாவுக்கு நெற்றியில் ஆறு தையல். மில்காரர் அப்போது ஊரில் இல்லை.

அக்கா கல்யாணத்துக்குச் சித்தப்பா வரவில்லை. மில்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.