குனிந்து தொட்டேன், தசை இளகவில்லை

'தினமும் குனிந்து கால் விரலைத் தொடுங்கள், ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) இளகிவிடும்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருஷமாகக் கணக்குப் பிரிவில் நாற்காலியே கதி என்று கிடப்பவன் நான். அதைத்தான் செய்தேன். முதுகு வளைந்து விரலைத் தொட்டதே தவிர, தொடையின் பின்தசை அப்படியே விறைப்பாக இருந்தது. அந்தத் தசை நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுகிறது. முதுகை நிமிர்த்தி இடுப்பிலிருந்து சாய்ந்தால்தான் ஒழுங்காக இழுபடும்.

எனக்குப் பலித்தது இதுதான்: நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி, நெஞ்சை முன்னால் கொண்டுபோவது. 30 விநாடி, ஆட்டாமல். 1994-இல் வந்த ஓர் ஆய்வில் இந்தத் தசையை இழுத்துப் பிடிக்கும் நேரத்தை 15, 30, 60 விநாடி என்று பிரித்து 6 வாரம் செய்ய வைத்தார்கள். 15 போதவில்லை, 30-க்கும் 60-க்கும் வித்தியாசமில்லை. (எங்கள் மேலாளர் பார்த்துவிட்டு, "என்னப்பா, செருப்பைத் தேடுறியா?" என்றார்.)

கால் மரத்துப்போனாலோ, சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தாலோ அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். மேலும் இழுக்காமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். இதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது பெரிய குறை.