அந்த நாலாயிரம் திர்ஹத்தை 23-ஆல் பெருக்காதீர்கள்

"அக்கா, துபாய்ல ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல செலக்ட் ஆகிட்டேன். நாலாயிரம் திர்ஹம் சொல்றாங்க. வரலாமா?"

போன வாரம் வந்த செய்தி. கேட்டவர் டெல்டா பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருடமாகக் கணக்கு டீச்சர். எம்.எஸ்சி., பி.எட். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்து, நாலாயிரத்தை 23-ஆல் பெருக்கி 92,000 என்று வீட்டில் எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். கணவர் வேலையை விட்டுவிட்டு விசிட் விசாவில் வந்து இங்கே தேடிக்கொள்வாராம். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்டிருக்கிறார். அந்த டீச்சரிடம் என் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்று தெரியும்.

நான் 2015-ல் வந்தேன். சம்பளம் 3,200 திர்ஹம். அப்போது ஒரு திர்ஹம் பதினேழரை ரூபாய். அம்மா தெருவில் எல்லோரிடமும் "ஐம்பத்தாறாயிரம்" என்று சொல்லிவிட்டார். நான் போய் இறங்கிய இடம், துபாயை ஒட்டிய ஷார்ஜாவில் ஒரு பெட்ரூம் வீட்டின் ஹால். நடுவில் திரை. திரைக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் இன்னொரு டீச்சர். உள்ளறையில் ஒரு குடும்பம். இரவு பத்து மணிக்கு மேல் விளக்குப் போட்டால் அடுத்தவர் தூக்கம் கெடும் என்று சமையலறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். காலை ஐந்தேகாலுக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் சாலையின் நெரிசலை அறிந்தவர்களுக்கு ஏன் ஐந்தேகால் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரி இல்லை என்பார்கள். வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி, வாடகையாகப் போகிற ஊரில் அந்த வரி மிச்சம் எந்த மூலைக்கு? 2018-லிருந்து கடையில் வாங்குவதில் பெரும்பாலானவற்றுக்கு 5 சதவீத வாட் உண்டு. துபாயில் வீடு எடுத்தால் ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கரண்ட், தண்ணீர் இணைப்புக்கு முன்பணம் 2,000 திர்ஹம். வாடகை நம் ஊர் மாதிரி மாதா மாதம் இல்லை. வருட வாடகையை நாலோ ஆறோ செக்காக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த டீச்சரிடம் செக் புத்தகமும் இருக்காது, முதல் செக்குக்கான பணமும் இருக்காது. கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, அந்தத் தங்கைக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஷார்ஜா அல் நஹ்தாவில் ஒரு பெட்ரூம், வருடம் 36,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,000. கரண்ட், தண்ணீர் 400, வெயில் காலத்தில் இன்னும் கூடும். சாப்பாடு சிக்கனமாக 1,200. குழந்தையின் கேஜி கட்டணமும் பேருந்தும் சேர்த்து 900. போன், இணையம் 400. வாட்ஸ்அப்பில் ஊருக்குப் பேச முடியாது, கால் போகாது, அதற்கென்று அனுமதிக்கப்பட்ட செயலிகள் தனி. கணவர், குழந்தையின் மருத்துவக் காப்பீடு மாதத்துக்கு 125 வரும். எல்லாம் கூட்டினால் 6,025. சம்பளம் 4,000. ஊருக்கு ஒரு பைசா அனுப்பாமலேயே 2,025 குறைகிறது. கணவருக்கு வேலை கிடைக்கும்வரை இந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவது?

தனியாக வருகிறவருக்குக் கதை வேறு. பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில், 900, சாப்பாடு 600, போன் 150, மற்றதெல்லாம் சேர்த்தாலும் மாதம் 2,000 கையில் நிற்கும். கல்யாணம் ஆகாத, இரண்டு மூன்று வருடம் உழைத்துக் கடனை அடைக்கத் துணிந்த பெண்ணுக்கு இது பயன்படும். நான் அப்படித்தான் அக்கா கல்யாணக் கடனை அடைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

இங்கே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. குடும்பத்தை ஸ்பான்சர் செய்யக் குறைந்தது 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது வீட்டு வசதியோடு 3,000 என்பது இங்குள்ள விதி. "4,000 இருந்தா ஃபேமிலி விசா கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொல்வது உண்மைதான். அது விசாவுக்கான வரம்பு. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் அதை அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு படித்தவர்களுக்கு ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம்? பத்து வருடம் பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இங்குள்ள இந்தியப் பள்ளிகளில் நிறைய ஆசிரியைகள் கணவர் விசாவில் இருப்பவர்கள். வேலை விளம்பரத்திலேயே "கணவர் அல்லது தந்தை விசாவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை" என்று போடுவார்கள். அவர்களுக்கு வீடு ஏற்கெனவே இருக்கிறது. வாடகை கணவர் சம்பளத்தில் போகிறது. பள்ளிக்குக் குடியிருப்பு விசா செலவு இல்லை, பெரும்பாலும் டிக்கெட் செலவும் இல்லை. ஆக, இந்த 3,500, 4,000 என்பதெல்லாம் வீட்டில் இரண்டாவது வருமானமாக வைத்து நிர்ணயிக்கப்பட்ட தொகை. அதே தொகையை ஊரிலிருந்து தனியாக வருகிறவருக்கும், குடும்பத்தையே தாங்க வருகிறவருக்கும் நீட்டுகிறார்கள். என் முழு வருத்தமும் இதில்தான். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவரின் உழைப்புக்கு விலை வைக்காமல், அவருக்கு வேறு யார் சோறு போடுகிறார்கள் என்று பார்த்து விலை வைக்கிறார்கள். இதே ஊரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து, வீட்டு வசதியும் ஆண்டு டிக்கெட்டும் தருவதாக விளம்பரம் செய்கின்றன.

பள்ளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இந்தியப் பள்ளிகளில் கட்டணம் குறைவு. துபாயில் நினைத்தபடி ஏற்றவும் முடியாது. அங்கே தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பான கேஎச்டிஏ, கட்டணத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கான செலவுக் குறியீட்டை ஒவ்வொரு ஆண்டும் கணக்கிட்டு அறிவிக்கிறது, 2025-26-க்கு அது 2.35 சதவீதம். என் மகனும் இப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறான், கட்டணம் கூடினால் எனக்கும் வலிக்கும். ஆனால் வாடகை 2.35 சதவீதத்தோடு நின்றதா? கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் பாரத்தை டீச்சர் மட்டும் சுமக்க வேண்டுமா?

ரூபாய் விழுவதும் நம்மை ஏமாற்றுகிறது. திர்ஹம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் சரியச் சரிய, ஒரு திர்ஹம்கூட ஏறாத என் சம்பளம் ஊரில் ஏறியதாகத் தெரிந்தது. தம்பி கேட்டான், "இப்ப ஜாஸ்தி வருதுல்ல?" இங்கே பால், அரிசி, வாடகை எல்லாம் திர்ஹத்தில். அனுப்ப மிஞ்சுவதுதான் சுருங்கியது. டிக்கெட்டும் அப்படித்தான். மற்ற வேலையில் இருப்பவர் பிப்ரவரியில் மலிவாக ஊருக்குப் போய் வரலாம். டீச்சருக்கு ஜூலை, ஆகஸ்ட் மட்டும். திருச்சி விமானம் இரண்டு மடங்கு, சில நாள் அதற்கும் மேல் விலை ஏறி நிற்கும் மாதங்கள் அவை.

பற்றாக்குறையை டியூஷனில் சரிக்கட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். முன்பு ஒளிந்து எடுக்க வேண்டும், பிடிபட்டால் அபராதம். 2023 டிசம்பரில் தனியார் ஆசிரியர் பணி அனுமதி வந்தது. இரண்டு வருடத்துக்குச் செல்லும், கட்டணம் இல்லை, பள்ளி ஆசிரியர்களும் வாங்கலாம். தயவுசெய்து அதை வாங்கிக்கொண்டு எடுங்கள். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பியவர் மாலை எட்டு வரை டியூஷன் எடுத்தால் உடம்பு என்னாகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்தத் தங்கையிடம் மூன்று விஷயங்களைப் பள்ளியில் எழுத்தில் கேட்கச் சொன்னேன். வீடு அல்லது வீட்டுப்படி உண்டா? குழந்தைக்குக் கட்டணச் சலுகை எவ்வளவு, அது ஒப்பந்தத்தில் இருக்குமா? மூன்றாவதுதான் நம் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள்: நாலாயிரத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? வேலையை விட்டுக் கிளம்பும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்காகும். முதல் ஐந்து வருடம் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். பிஎஃப் இல்லாத ஊரில் நமக்கென்று சேர்வது அது ஒன்றுதான். படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்தால் பள்ளிக்கு லாபம்.

அப்புறம் அந்த ஏஜென்ட் விஷயம். ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் வாங்கக் கூடாது என்று இங்குள்ள தொழிலாளர் சட்டம் சொல்கிறது. நம் நாட்டிலும் பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குடும்பத்தோடு ஒரே சம்பளத்தில் வருவதென்றால் 7,000 திர்ஹத்துக்குக் கீழே வராதீர்கள். வீடு பள்ளியே கொடுத்தால் 4,500 வரை இறங்கலாம். தனியாக என்றால் இன்றைக்கு 4,000 போதும், ஆனால் விசா, டிக்கெட், காப்பீடு பள்ளியுடையதாக இருக்க வேண்டும். இது என் அனுபவக் கணக்கு.

நேற்று இரவு பதில் வந்தது. "அக்கா, வீடு கிடையாதாம். குழந்தைக்குச் சலுகை ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்றாங்க. பேசிக் 1,800-னு போட்டிருக்காங்க." காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 60 திர்ஹம், வருடத்துக்கு 21 நாள், ஐந்து வருடம். 6,300 திர்ஹம். அந்தத் தங்கை ஐந்து வருடம் பாடம் எடுத்துவிட்டுக் கிளம்பும் நாளில் கிடைக்கப்போவது, அதே 23 கணக்கில், 1,44,900 ரூபாய். ஏஜென்ட் இப்போதே கேட்பது ஒன்றரை லட்சம்.

அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அப்படியே அனுப்பியிருக்கிறேன்.