மஞ்சப்பைக்குள் ஒரு ஜீன் ரிப்போர்ட்

திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டு பீரோவில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், அப்புறம் அவள் மகனின் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட். 11 பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்று வயதாகியும் படியேறச் சிரமப்படுகிறானே என்று 2022-இல் வளையலை அடகு வைத்து எடுத்தது. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அதுதான் நோய்க்குக் காரணமா என்று சொல்ல முடியவில்லை. இதுதான் முடிவு. “தெரியலைன்னு சொல்லத்தானா தம்பி இவ்ளோ பணம்?” என்று அக்கா கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் புதுச்சேரி காலாப்பட்டில் ஒரு உயிர்தகவலியல் மாநாடு; மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசும் துறை அது. இந்தியர்களின் மரபணுக்களைப் படிக்கும் ஜீனோம் இந்தியா திட்டம் பற்றிப் பேசியபோது எனக்கு அந்த மஞ்சப்பை ஞாபகம்தான்.

ஆளுக்கு ஏறக்குறைய 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள் கொண்டது மரபணுத் தொகுதி. ஆய்வகங்கள் ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் மாதிரித் தொகுதியோடு ஒப்பிட்டால் யாருக்கும் 40, 50 லட்சம் வித்தியாசங்கள் வரும். அந்த மாதிரியிலேயே சுமார் 70 சதவீதம், அமெரிக்காவின் பஃபலோ நகரில் ரத்தம் கொடுத்த ஒரே மனிதருடையது. வித்தியாசங்களில் எது நோய், எது சாதாரணம் என்று எப்படிப் பிரிப்பது? நலமாக இருக்கும் மற்றவர்களிடமும் அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். நம் ஆட்கள் அந்தக் கணக்கில் சொற்பமாக இருந்தால், நமக்குச் சாதாரணமானதும் அபூர்வமாகத் தெரியும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2020-இல் ஜீனோம் இந்தியா தொடங்கியது. 80-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் தொகுதிகளைப் படித்து 18 கோடி மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் தரவுகள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா அசலில்தான் கல்யாணம் செய்தாள். “சொந்தத்திலகூடக் கட்டலையே, எப்படி வந்துச்சு?” என்று உறவினர்கள் குடைந்தெடுத்தார்கள். தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகவே சொல்கிறது: சிறு கூட்டமாகத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்த சமூகத்தில், சொந்தம் இல்லாத இருவரிடமும் ஒரே பழைய மாற்றம் இருக்கலாம்; இருவரிடமிருந்தும் அது பிள்ளைக்கு வந்து சேரலாம். 81 குழுக்களில் இதன் தடம் இதே மாதிரி சிறு கூட்டமாகத் தொடங்கிய ஃபின்லாந்துக்காரர்களிடம் இருப்பதைவிட ஆழமானது. இதில் அக்காவின் தவறு எங்கே இருக்கிறது? அந்தப் பேச்சு அவளை எத்தனை இரவு தூங்கவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அரங்கில் இவ்வளவும் ஆங்கிலத்தில் ஓடி முடிந்தது. எனக்கு ஆதங்கம் அங்கேதான். புதுத் தரவு வந்ததும் பழைய ரிப்போர்ட்டுகளை ஆய்வகங்கள் தாங்களாகவே எடுத்துப் பார்க்க வேண்டும். முடிவை ஒரு பக்கமாவது தமிழில் எழுதித் தர வேண்டும். எத்தனை பேருக்குத் தெரியும், பழைய ரிப்போர்ட்டை மறு ஆய்வு செய்யக் கேட்கலாம் என்று? அன்று படித்தெடுத்த மரபணு எழுத்துகளின் தரவை ஆய்வகம் வைத்திருந்தால் மறுபடி ரத்தம்கூட எடுக்க வேண்டாம். எல்லாருக்கும் பதில் கிடைத்துவிடாது, சரி. கேட்காமலே இருந்தால் நிச்சயம் கிடைக்காது.

உங்கள் வீட்டில் அப்படியொரு ரிப்போர்ட் இருந்தால் தேதியைப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் பழையது என்றால் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அக்காவின் 11 பக்கங்களையும் நேற்று ராத்திரி ஸ்கேன் செய்தேன். திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.